ஒரே தோல், இரண்டு விலை!

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபது ஆண்டுகளாகத் தோல் வெட்டும் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், சென்ற வாரம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், என் மகள் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். மேல்படிப்புக்கு இரண்டு நாட்டுக்கு எழுதிப்போட்டாள். இங்கிலாந்திலிருந்து, 'வரலாம், இடம் உண்டு' என்று பதில் வந்தது. அமெரிக்காவிலிருந்து, 'நீ படித்தது பதினைந்து ஆண்டுதான், எங்களுக்குப் பதினாறு ஆண்டு வேண்டும்' என்று பதில் வந்தது. இரண்டு பேருக்கும் போனது ஒரே மார்க்கு லிஸ்டு. ஒருவனுக்கு முழுப் பட்டம், இன்னொருவனுக்கு முக்கால் பட்டமா? வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் விவரம் தெரிய வேண்டும்."

பத்திரத்தை வைத்த பிறகு கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம். முன்னால் கேட்ட அந்தத் தோழரைப் பாராட்டுகிறோம். அவருக்குச் சொன்ன பதிலை, அதே கேள்வி நெஞ்சில் இருந்தும் கேட்கக் கூச்சப்படும் ஆயிரம் தோழர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

அவரிடம் நாம் முதலில் திருப்பிக் கேட்டது இதுதான்: "ஒரே ஆட்டுத் தோலை இரண்டு வியாபாரிகள் முன்னால் போட்டால், இரண்டு பேரும் ஒரே ரகம் என்று சொல்லிவிடுகிறார்களா?"

அவர் சிரித்தார். பாதி பதில் அவருக்கே தெரிந்துவிட்டது!

தோல் சொல்லும் பாடம்

வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு! பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள் இவை. 2019ஆம் ஆண்டிலிருந்து வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன. மாவட்டம் பிரிந்தது, தொழில் பிரியவில்லை. பாலாற்றங்கரை முழுவதும் தோல்தான் சோறு.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே என்ன நடந்தது? ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் நம் பாட்டன்மார் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் தோல் முழுதாக முடிக்கப்பட்டதா? இல்லை. பாதிப் பதத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். லண்டனில் ஏலம் விட்டார்கள். அங்கேதான் ரகம் பிரித்தார்கள், சாயம் போட்டார்கள், மெருகேற்றினார்கள். உழைத்தவன் இங்கே, விலை சொன்னவன் அங்கே!

பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு சூறாவளி கிளம்பிற்று. 1884இல் நியூயார்க்கில் ஷூல்ட்ஸ் என்பவர், குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கில் பட்டைக் குழியில் ஊறிய காலம் போய், சில நாட்களில் தோல் பதமாகும் காலம் வந்தது. பட்டைத் தோலின் மதிப்பு சந்தையில் ஆட்டம் கண்டது. தோல் கெட்டுப்போனதா? இல்லை. அளக்கும் கோல் மாறிற்று!

பட்டங்களின் கதையும் இதுதான். கல்வி என்பது மனிதன் மூளையிலும் கையிலும் ஏறும் பதம். பட்டம் என்பது அதன்மேல் குத்தும் முத்திரை. முத்திரை குத்துகிறவன் யார், எந்தச் சந்தைக்காகக் குத்துகிறான் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காதவன் முத்திரையைக் கண்டு மயங்குவான், அல்லது அஞ்சுவான்.

பதினைந்தா, பதினாறா?

தோழரின் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. விரல் விட்டு எண்ணலாம்.

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு பதின்மூன்று ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளில் 'ஏ லெவல்' என்ற தேர்வுக்காக மூன்று அல்லது நான்கு பாடங்களை மட்டும் ஆழமாகப் படிக்கிறார்கள். பல பாடம் படிக்கும் வேலை பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கல்லூரியில் மூன்றே ஆண்டு. எடுத்த பாடம் ஒன்றே ஒன்று. பதின்மூன்றும் மூன்றும் பதினாறு.

அமெரிக்காவில் பள்ளி பன்னிரண்டு ஆண்டு. கல்லூரி நான்கு ஆண்டு. அதில் முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் பலவகைப் பாடம். வேதியியல் படிக்க வந்தவனும் வரலாறு படிக்க வேண்டும், இலக்கியம் படிக்க வேண்டும். பிறகுதான் தனிப்பாடம். பன்னிரண்டும் நான்கும் பதினாறு.

நம் நாட்டில்? பள்ளி பன்னிரண்டு, கல்லூரி மூன்று. கூட்டிப் பாருங்கள், பதினைந்து!

இந்த ஒரு ஆண்டு எங்கே போயிற்று? ஆங்கிலேயனிடமிருந்து மூன்றாண்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டோம். அவனுடைய பதின்மூன்றாம் ஆண்டுப் பள்ளியை எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையை வாங்கினோம், பொத்தானை விட்டுவிட்டோம். முன்பு இன்டர்மீடியட் இரண்டு ஆண்டு, பி.ஏ. இரண்டு ஆண்டு என்று இருந்தது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு ஆண்டு, பி.யூ.சி. ஓர் ஆண்டு, பட்டம் மூன்று ஆண்டு என்றாயிற்று. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. பெயர்கள் மாறின, பதினைந்து பதினைந்தாகவே நின்றது.

ஆங்கிலேயன் நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏன் ஏற்கிறான்? அது அவன் வீட்டுக் குழந்தையின் சாயல். அமெரிக்கன் பலவேளை ஏன் தயங்குகிறான்? அவன் ஆண்டுகளை எண்ணுகிறான். அங்கேயும் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒன்றுபோல் இல்லை. நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சட்டம்!

மார்க்கிலும் இதே குழப்பம். நம்மிடம் 60 வாங்கினால் முதல் வகுப்பு. இங்கிலாந்தில் 70 வாங்க வேண்டும். 60 வாங்கியவன் இரண்டாம் வகுப்பின் மேல்தட்டில் நிற்பான். அமெரிக்காவில் 90க்கு மேல் வாங்கியவனுக்கே பொதுவாக 'ஏ' என்ற எழுத்து. பிறகு அந்த எழுத்துகளை நான்கு புள்ளிக்குள் அடக்கிச் சராசரி போடுவார்கள். நம் பிள்ளையின் 65ஐப் பார்த்து, விவரம் தெரியாத அமெரிக்கன் உதட்டைப் பிதுக்குவான். பிள்ளை மட்டம் என்பதாலா? அளவுகோல் வேறு என்பதால்!

பாடம் சொன்னவன் ஒருவன், மார்க்கு போட்டவன் ஒருவன்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தது அது. அந்த அச்சு என்ன? கல்லூரி பாடம் சொல்லும். பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும். பாடம் சொன்ன ஆசிரியர் மார்க்கு போடமாட்டார். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் இருக்கும். அமெரிக்க அச்சு இதற்கு நேர் எதிர். பாடம் நடத்தியவரே கேள்வித்தாள் எழுதுவார், அவரே திருத்துவார். ஆண்டு முழுவதும் எழுதிய கட்டுரை, செய்த சோதனை, பேசிய பேச்சு எல்லாம் கணக்கில் சேரும்.

இந்த இரண்டு அச்சும் தமிழன் தலைமேல் ஒன்றாக விழுந்த கதை சுவையானது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிகள் ஒரு கல்லூரி அமைக்க முனைந்தார்கள். கல்லூரி என்று நடத்த ஆங்கில ஆட்சி சாசனம் தரவில்லை. 'செமினரி' என்ற பெயரிலேயே அது நடந்தது. அங்கே படித்த இருவர்தாம், விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். பிற்காலத்தில் ஏட்டுச் சுவடியிலிருந்து பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம் பிள்ளை! பாடம் சொன்னவன் அமெரிக்கன், பட்டம் கொடுத்தது ஆங்கில அச்சு, படித்தவன் தமிழன்.

வேலூர் ஊரிசுக் கல்லூரியும் அப்படியே. நடத்தியது அமெரிக்க ஆர்க்காடு மிஷன். தேர்வு வைத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே சில காலம் படித்தவர்தான். அமெரிக்கன் கட்டடம் கட்டலாம், ஆசிரியரை அனுப்பலாம். முத்திரை மட்டும் ஆள்கிறவன் கையில்!

எம்.டி. என்ற இரண்டெழுத்து

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியை அறியாத தொழிலாளி இந்த வட்டாரத்தில் உண்டா? அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். 1899இல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து மருத்துவம் தொடங்கினார்.

எம்.டி. என்றதும் நம் தோழர்கள் என்ன நினைப்பார்கள்? 'எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலே படித்தவர்' என்று நினைப்பார்கள். நம் நாட்டில் அப்படித்தான். இங்கிலாந்திலும் எம்.டி. என்பது மருத்துவரான பிறகு வாங்கும் உயர்பட்டம். அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே மருத்துவத்தின் முதல் பட்டமே எம்.டி.தான்! இன்று அங்கே நான்கு ஆண்டு கல்லூரியில் வேறு பாடம் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு நான்கு ஆண்டு மருத்துவம் படித்து எம்.டி. ஆகிறார்கள். ஆங்கில வழியில் பள்ளி முடித்ததும் நேரே மருத்துவம். ஐந்தாறு ஆண்டில் எம்.பி.பி.எஸ். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இங்கிலாந்தில் அறுவை மருத்துவருக்கு 'டாக்டர்' என்ற அடைமொழிகூட வழக்கமில்லை. 'மிஸ்டர்' என்றால்தான் அவருக்குப் பெருமை!

1918இல் ஐடா அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அது தந்தது எல்.எம்.பி. என்ற சான்று. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஒரு படி கீழே அதை வைத்திருந்தார்கள். பெண்களால் முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. முதல் ஆண்டுத் தேர்வை எழுதிய வேலூர் மாணவிகள் அனைவரும் தேறினார்கள். சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்தார்கள்!

ஆனால் முத்திரைக்காரன் சும்மா இருப்பானா? 1930இல் லண்டனில் இருந்த பொது மருத்துவ மன்றம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை ஏற்கமாட்டோம் என்றது. நம் நாட்டுக்கென்று ஒரு மருத்துவ மன்றம் வேண்டும் என்ற குரல் ஓங்கிற்று. 1933இல் அதற்குச் சட்டம் வந்தது. பட்டத் தரத்தை உயர்த்தும் பேச்சு நாடெங்கும் எழுந்தது. 1938 வாக்கில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பைக் கைவிட்டது. வேலூர்ப் பள்ளிக்கு இரண்டே வழி: எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர வேண்டும்; இல்லையேல் கதவை மூட வேண்டும்.

உயர்வது என்றால் எளிதா? படுக்கைகள் பெருக வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இருபதாண்டுகளாக நோயாளியைக் குணப்படுத்திய கை போதாது. அந்தக் கைக்குப் பின்னால் சரியான எழுத்துகள் வேண்டும்! எழுபது வயதில் ஐடா அம்மையார் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு இசைவு தந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இதில் நல்லதும் உண்டு என்பதை மறைக்கமாட்டோம். தரம் உயர்ந்ததால் நோயாளிக்கு நன்மை. ஆனால் தரத்தை உயர்த்துவது வேறு, முத்திரையைக் காட்டி மிரட்டுவது வேறு. 1975இல் அதே லண்டன் மன்றம் மறுபடியும் இந்தியப் பட்டங்களுக்கு அளித்த ஏற்பை நீக்கிற்று. தனித்தேர்வு எழுதச் சொல்லிற்று. அதற்கு முன்னால் அவர்களுடைய ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் உழைத்தவர்களில் நம் நாட்டு மருத்துவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

அமெரிக்காவோ 1956இல் ஓர் அமைப்பு ஏற்படுத்தி, வெளிநாட்டில் படித்த மருத்துவர் எவராயினும் தேர்வு எழுத வேண்டும் என்றது. எவராயினும் என்றால், லண்டனில் படித்த வெள்ளைக்கார டாக்டரும்தான்! ஆங்கிலேயன் பட்டத்தை அமெரிக்கன் கண்ணை மூடி ஏற்பதில்லை. அமெரிக்கன் பட்டத்தை ஆங்கிலேயனும் அப்படியே ஏற்பதில்லை. அண்ணன் தம்பிகளே ஒருவர் படிக்கல்லை ஒருவர் நம்பவில்லை. நாம் மட்டும் ஏன் இருவர் படிக்கல்லுக்கும் கற்பூரம் காட்ட வேண்டும்?

இரண்டையும் கண்டவர்கள்

இரண்டு முறையிலும் படித்து, இரண்டையும் வென்றவர்கள் உண்டு. இருவரைச் சொல்வோம்.

முதலாமவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பொருளியல், சமூகவியல், வரலாறு, தத்துவம் என்று விரிந்த படிப்பு, எம்.ஏ. பெற்றார், பின்னர் பி.எச்.டி.யும் பெற்றார். லண்டனில் குறுகி ஆழமாகத் தோண்டும் படிப்பு, எம்.எஸ்ஸி., டி.எஸ்ஸி. பெற்றார், பாரிஸ்டரும் ஆனார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த உயர்ந்த முத்திரைகள் எல்லாம் பின்னாளில் அவரிடம் சேர்ந்தன. ஆனால் 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க இடம் கிடைத்ததா? சாதி தெரிந்ததும் விடுதியிலிருந்து விரட்டினார்கள்! கொலம்பியாவின் முத்திரை சாதி முத்திரையை அழிக்கவில்லை. தோல் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பட்டத்தை வெள்ளைக்காரன் எடை போட்டான். பட்டதாரியை நம் ஊர்க்காரனே எடை போட்டான்!

இரண்டாமவர் நம் தொழிலைச் சேர்ந்தவர், டாக்டர் நாயுடம்மா. ஆந்திரத்துக் குண்டூர் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காசியில் வேதியியல் படித்தார். இங்கிலாந்தில் நார்தாம்டனில் தோல் தொழில் கற்றார். அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. பெற்றார். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1958இல் இயக்குநரானார். சீமையின் கைத்தொழில் பயிற்சி, அமெரிக்காவின் ஆராய்ச்சி முறை, இரண்டையும் நம் தோலில் கலந்து பதனிட்டவர் அவர். 1970களில் அரசு பச்சைத் தோலும் பாதிப் பதத் தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, 'முடித்த தோலாக, செருப்பாக, பூட்ஸாக விற்போம்' என்ற வழியைப் பிடித்தது. ஆம்பூரில் இன்று ஷூ கம்பெனிகள் வரிசையாக நிற்பதன் வேர் அந்த வழியில் இருக்கிறது.

பாதிப் பதத்தில் தோலை அனுப்புவதை நிறுத்தினோம். பாதிப் பதத்தில் பிள்ளைகளை அனுப்புவதை எப்போது நிறுத்தப் போகிறோம்?

எது நல்லது?

'இரண்டில் எது நல்ல முறை? நேராகச் சொல்லுங்கள்' என்பார்கள். சொல்கிறோம்.

ஆங்கில முறையின் நன்மை: ஆண்டு குறைவு, ஆழம் அதிகம், விடைத்தாளில் பெயர் இல்லை. சாதியும் சொந்தமும் பார்த்து மார்க்கு போடுகிற ஊரில், பெயரில்லாத விடைத்தாள் ஏழைப் பிள்ளைக்குக் கவசம். தீமை: மூன்று மணி நேரத்தில் மூன்றாண்டு உழைப்பை எடை போடுகிறது. அன்று காய்ச்சல் வந்தால் போயிற்று! மனப்பாடம் செய்தவன் முன்னால் போவான், யோசித்தவன் பின்னால் நிற்பான்.

அமெரிக்க முறையின் நன்மை: ஆண்டு முழுவதும் செய்த உழைப்புக்கு மதிப்பு. பதினேழு வயதில் தவறான பாடம் எடுத்துவிட்டால், பத்தொன்பதில் மாற்றிக்கொள்ள வழி உண்டு. தீமை: ஓர் ஆண்டு கூடுதல், அந்த ஆண்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். ஆசிரியரே நீதிபதி. கல்லூரிக்குக் கல்லூரி தரம் வேறு. பேர்போன கல்லூரியின் பட்டத்துக்கு ஒரு விலை, பேரில்லாத கல்லூரிக்கு ஒரு விலை.

உழைப்பவன் படிப்பை யார் மதித்தார்கள்? இருவருமே கொஞ்சம் மதித்தார்கள். அமெரிக்காவில் 1862இல் மாரில் சட்டம் வந்தது. அரசு நிலத்தைக் கொடுத்து, உழவும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை எழுப்பச் சொன்னது. ஏர் பிடிப்பதும் சுத்தியல் பிடிப்பதும் பல்கலைக்கழகப் பாடமாயின. இங்கிலாந்தில் 1878இல் 'சிட்டி அண்டு கில்ட்ஸ்' என்ற அமைப்பு தோன்றி, தொழிலாளியின் கைத்திறனுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுத்தது. ஆனால் அந்தச் சான்றைப் பட்டத்துக்குப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. அங்கேயும் கோட்டு வேறு, மேலங்கி வேறு!

வேலூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செவிலியர் வேலை அன்றைய ஆங்கில மரபில் ஆஸ்பத்திரியில் பழகிக்கொள்ளும் தொழிலாக இருந்தது; பட்டமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் அதைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனார்கள். 1946இல் நம் வேலூரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ், செவிலியர் படிப்பு பி.எஸ்ஸி. பட்டமாயிற்று. இந்தியாவில் அதை முதலில் தொடங்கிய இடங்கள் இரண்டு: ஒன்று டெல்லி, மற்றொன்று வேலூர்! கைவேலை என்று ஒதுக்கிய தொழில் பட்டப் படிப்பாகும் என்பதை இந்த மண் காட்டிவிட்டது.

இன்னொன்றும் காட்டிற்று. பால் பிராண்டு என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் வந்தார். எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றவர். தொழுநோயாளியின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆனால் உணர்ச்சியற்ற கால் மறுபடியும் புண்ணாகாமல் இருக்க என்ன வேண்டும்? மெத்தென்ற அடிப்பாகம் வைத்த செருப்பு வேண்டும்! எஃப்.ஆர்.சி.எஸ். தைத்த கையைப் போல, செருப்புத் தைப்பவன் கையும் அங்கே மருத்துவமாயிற்று. மருத்துவம் படிக்கும் முன்னால் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகியவர் பிராண்டு. அதனால்தான் அவருக்கு அது விளங்கிற்று.

நம் கோரிக்கை

இப்போது டெல்லி ஒரு வழி சொல்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டுப் பட்டம் என்கிறது. ஓர் ஆண்டில் வெளியேறினால் ஒரு சான்று, இரண்டாண்டில் வெளியேறினால் டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆய்வுடன் கூடிய பட்டம் என்கிறது. பதினைந்து பதினாறாகிவிடும், அமெரிக்கன் கணக்கு சரியாகிவிடும். உண்மைதான்.

ஆனால் நாம் கேட்கிறோம்: நடுவழியில் வைத்த அந்தக் கதவுகள் வழியே வெளியேறப் போகிறவர் யார்? ஆலை முதலாளியின் மகனா? டேனரியில் தோல் உரசும் தொழிலாளியின் மகளா? அப்பனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதலாண்டிலேயே சான்றை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் நம் பெண்தான்! அமெரிக்காவுக்குப் போகும் சிலருக்காக எல்லாப் பிள்ளைகளின் படிப்பையும் நீட்டுவது நியாயமில்லை. போக விரும்புகிறவர்களுக்கு மட்டும் அரசுக் கல்லூரிகளில் ஓர் இணைப்பாண்டு வையுங்கள். கட்டணமின்றி வையுங்கள் என்கிறோம்.

இரண்டாவது கோரிக்கை: எந்தப் பட்டம் எந்த நாட்டில் செல்லும் என்ற விவரத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒட்டுங்கள். இங்கிலாந்தில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. பெரும்பாலும் ஒரே ஆண்டு, நம்மிடம் இரண்டாண்டு. அந்த ஓராண்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒருவர் பட்டத்தை ஒருவர் ஏற்க ஒப்பந்தம் செய்தார்கள். அதிலும் பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற தொழிற்பட்டங்கள் சேரவில்லை. இதைச் சொல்லாமல் பணம் வாங்கும் தரகன் இருக்கிறான். சொல்ல வேண்டிய அரசு வாய் திறக்க வேண்டாமா?

மூன்றாவது: தோலைத் தடவிப் பார்த்தே இது எந்த ரகம், எங்கே வெட்டு விழுந்தது, எத்தனை ஜோடி தேறும் என்று சொல்லும் கை நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அந்தக் கைக்குத் திறன் சான்று என்று ஒரு துண்டுத்தாள் கொடுத்தால் போதாது. அதிலிருந்து டிப்ளமாவுக்கும், டிப்ளமாவிலிருந்து பட்டத்துக்கும் ஏறும் ஏணி வேண்டும். செவிலியருக்கு 1946இல் வேலூரில் முடிந்தது, தோல் தொழிலாளிக்கு இன்று ஆம்பூரில் ஏன் முடியாது?

தோழருக்குப் பதில்

கடைசியாக, அந்தத் தோழருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

பத்திரத்தை இப்போது வைக்க வேண்டாம். மகள் இங்கேயே ஓர் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கட்டும். பதினைந்தோடு இரண்டு சேர்ந்தால் பதினேழு. அமெரிக்கன் எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொள்வான். அதன்பிறகும் ஆசை இருந்தால் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகட்டும். அமெரிக்காவில் விஞ்ஞானத்தில் பி.எச்.டி. படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. பாடம் சொல்லியோ ஆய்வில் உதவியோ சம்பளமும் பெறலாம். ஐந்தாறு ஆண்டு ஆகும். இங்கிலாந்தில் மூன்று நான்கு ஆண்டில் முடியும். ஆனால் உதவித்தொகை கிடைத்தால்தான் போக வேண்டும். சொந்தக் காசில் போவதானால், பட்டம் இங்கே செல்லுமா, அங்கே வேலை செய்ய எத்தனை காலம் விடுவார்கள், மொத்தச் செலவு எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் தரகனிடம் கேட்டு அல்ல, பல்கலைக்கழகத்திடமே கேட்டு.

தோழர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது ஒன்று சொன்னார்: "செலக்‌ஷன் மேஜையிலே ஒருவன் தோலைக் கழித்துவிட்டான் என்பதற்காக, அதைக் குப்பையிலே போட்டுவிடுவதில்லை தோழர். வேறு வெளிச்சத்திலே வைத்துப் பார்ப்போம்."

இதைவிட நன்றாக நாம் சொல்லிவிட முடியாது. நம் பிள்ளைகளை அடுத்தவன் மேஜையில் கழித்துவிட்டால் கலங்க வேண்டாம். நம் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த வெளிச்சத்தை ஏற்றும் பொறுப்பு அரசுக்கு உண்டு. ஏற்றச் சொல்லிக் கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

கேட்போம்! கிடைக்கும்வரை கேட்போம்!